விமானம் எழும்போது உதடும் விரலும் விறைப்பது

வணக்கம். பலாலியிலிருந்து சென்னைக்குப் புறப்படுகையில் உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் விறைப்பு ஏற்படுவதாகவும், எழும்பிய சற்று நேரத்தில் விமானம் கீழே போவதுபோல் தோன்றுவதாகவும் எழுதியிருந்தீர்கள்.

இத்தகைய விறைப்புக்குப் பெரும்பாலும் காரணம், பதற்றத்தில் நம்மையறியாமலே வேகவேகமாக மூச்சுவிடுவதுதான். அப்போது இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறைந்து, நரம்புகளுக்குப் பயன்படும் கல்சியமும் தாழ்வதால், உதடும் விரல்களும் கூசத் தொடங்குகின்றன. உள்ளிழுப்பதைவிட வெளிவிடும் மூச்சை நீளமாக்கிப் பாருங்கள். கடதாசிப் பைக்குள் மூச்சுவிடும் பழைய வழக்கம் வேண்டாம்.

கீழே போவதாகத் தோன்றுவது உண்மையான இறக்கமன்று: மேலெழுந்தபின் விமானி இயந்திர வலுவைக் குறைக்கையில், முடுக்கம் தளர்வதை உட்செவி அவ்வாறு தவறாகக் கணிக்கிறது.

ஆனால் விறைப்பு ஒரு பக்கத்தில் மட்டும் வந்தாலோ, நெஞ்சு நோவும் மயக்கமும் சேர்ந்தாலோ, பதற்றமென்று தள்ளிவிடாமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.