12 ஏக்கர் கரட்டில் சிமெண்ட் பாதை: பொதுக்குழுவில் என்ன பேசலாம்?

மேலூர்ப் பக்கம் உங்கள் மலையேற்றக் குழு புதிதாக வாங்கிய 12 ஏக்கர் கரட்டில் (சிறு பாறைக் குன்றில்) சிமெண்ட் பாதை, கொட்டகை, விளக்குக் கம்பம் எல்லாம் போடக் கமிட்டி துடிக்கிறது, எப்படித் தடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். "இயற்கை அழிகிறது" என்று மட்டும் பேசினால் கைதட்டிவிட்டுத் தீர்மானத்தை நிறைவேற்றிவிடுவார்கள். தண்ணீரைப் பற்றிப் பேசுங்கள்.

நாங்களும் ஒரு சரிவில் சிமெண்ட் படி கட்டியவர்கள்தான். இரண்டாவது ஐப்பசி மழையில் தண்ணீர் படியோரமாகவே இறங்கி முழங்கால் ஆழத்துக்கு மண்ணைப் பறித்தது. படி அந்தரத்தில் நின்றது. பக்கத்திலிருந்த ஆட்டுத் தடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அது சரிவுக்குக் குறுக்கே வளைந்து போகிறது, அவ்வளவுதான்.

நிலத்தின் எல்லைகளைக் காட்டும் சர்வே வரைபடமான புலப்படத்தை வாங்கிப் பாருங்கள். ஓடைப் புறம்போக்கு, அதாவது ஓடைக்கான அரசு நிலம், ஊடே போனால் அந்த இடத்தில் கொட்டகைப் பேச்சே எழாது. பாறை முகட்டில் வல்லூறு கூடு வைத்திருந்தால், குஞ்சு பறக்கும்வரை அந்தப் பக்கம் ஏறக்கூடாது என்று விதி கேளுங்கள். மேலூர் அருகே உள்ள அரிட்டாபட்டி 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானதில் இந்தப் பறவைகளுக்கும் பங்கு உண்டு.

கமிட்டிக்குக் கை சும்மா இருக்காது என்றால் சீமைக்கருவேலத்தைத் தூரோடு தோண்டச் சொல்லுங்கள்; வெட்டினால் மறுபடி துளிர்க்கும். கழிப்பறையை மட்டும் எதிர்க்காதீர்கள். நுழைவாயில் பக்கம் ஒன்று கட்டாயம் வேண்டும்.