'ஆஸ் அபவ், சோ பிலோ' செட் போட்டு எடுத்த படமா?

கல்லடியிலிருந்து கேட்டவருக்கு: இல்லை, 2014இல் வந்த இந்தப் பேய்ப்படத்தை பாரிஸின் நிஜ நிலத்தடிச் சுரங்கங்களுக்குள்ளேயே படமாக்கினார்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே இடுகாடுகள் நிரம்பி வழிய, பழைய கற்சுரங்கங்களுக்குள் எலும்புகளைக் கொண்டுபோய்ப் போட்டார்கள். சுமார் 60 இலட்சம் பேருடையவை!

பேயை விடுங்கள். எலும்புக் குவியலுக்கும் கூரைக்கும் இடையில் தவழ்ந்து போகும் கேமராக்காரன் பெஞ்சி நடுவில் சிக்கிக்கொள்கிறான் பாருங்கள், அதுதான் படம். கேமரா தலையிலேயே இருப்பதால் அவனுடைய மூச்சிரைப்பும், லைட் விழுகிற கொஞ்ச இடமும்தான் நமக்கு. எங்கள் கடற்கரை மணலில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும், நிலவறை எல்லாம் பழக்கமே இல்லை. இருந்தும் எனக்கு மூச்சு முட்டியது. கடைசிப் பகுதி கொஞ்சம் சொதப்பல்தான். ஹெட்போன் போட்டுப் பாருங்கள்.