புற்றுநோய்ச் செல்களின் இறப்பை ஆராய விரும்பும் மகள்: ஒரு தாய்க்கு எழுதிய பதில்

மதிப்பிற்குரிய அம்மா,

உயிர்வேதியியல் இறுதியாண்டில் படிக்கும் உங்கள் மகள், புற்றுநோய்ச் செல்கள் சாகாமல் தப்பிப்பது எப்படி என்பதையே ஆராய வேண்டும் என்று உறுதியாக இருப்பதாகவும், இவ்வளவு குறுகலான பாடத்தை நம்பி இறங்கினால் வேலை கிடைக்குமா என்ற கவலை உங்களை வாட்டுவதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்தப் பாடம் நீங்கள் அஞ்சும் அளவுக்குக் குறுகியதன்று. எந்தத் திறனோடு அதற்குள் நுழைகிறார் என்பதைத்தான் நாம் யோசிக்க வேண்டும்.

பழுதடைந்த செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு 1972-இல் அப்போப்டோசிஸ் என்று பெயரிட்டார்கள். புரதங்கள் ஒன்றையொன்று பற்றுவதும் விடுவதுமே அதை நடத்துகின்றன. பாக்ஸ், பாக் என்னும் புரதங்கள் செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் துளையிட்டால், அதற்குள்ளிருக்கும் சைட்டோகுரோம் சி என்ற புரதம் வெளியேறி அபாஃப்-1 புரதத்துடன் சேர்கிறது. அங்கிருந்து புரதங்களை வெட்டும் காஸ்பேஸ் நொதிகள் ஒன்றன்பின் ஒன்றாக முடுக்கப்பட்டு, செல் சிதைகிறது. பிசிஎல்-2 என்ற புரதம், இறப்பைத் தூண்டும் பிம் போன்ற புரதங்களைத் தன் மேற்பரப்பிலுள்ள பள்ளத்தில் பிடித்துவைத்து, அந்தத் துளை விழாமல் தடுக்கிறது. ஒருவகை நிணநீர்ப் புற்றுநோயில் 14, 18 ஆகிய குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்வதால் பிசிஎல்-2 அளவுக்கு மீறி உற்பத்தியாகிறது. சாக வேண்டிய செல்கள் அதனால் சாகாமல் தங்கிவிடுகின்றன.

அந்தப் பள்ளத்தில் தான் அமர்ந்துகொண்டு பிம்மை விடுவிக்கும் வெனிடோகிளாக்ஸ் என்ற மருந்துக்கு, 2016 ஏப்ரலில் அமெரிக்காவில் ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்காக அனுமதி கிடைத்தது. அதற்கு முன்பு உருவான நாவிடோகிளாக்ஸ், பிசிஎல்-எக்ஸ்எல் என்ற நெருங்கிய உறவுப் புரதத்தையும் பற்றியதால், அதை நம்பி வாழும் இரத்தத் தட்டணுக்கள் குறைந்தன. இரண்டையும் பிரித்தறியும் மூலக்கூறை வடிவமைக்கப் புரத அமைப்பியலாளர், மருந்து வேதியியலாளர், செல் உயிரியலாளர், மருத்துவர் என எல்லோரும் தேவைப்பட்டார்கள். உங்கள் மகள் போய்ச் சேரக்கூடிய வேலைகள் இவர்களுடையவைதான்.

அன்றாட வேலை எப்படியிருக்கும் என்பதையும் நீங்கள் அறிந்துகொள்வது நல்லது. செல்களை உடைத்து, பிசிஎல்-2-ஐ மட்டும் அடையாளம் கண்டு பற்றும் ஆன்டிபாடி என்ற புரதம் பூசிய நுண்மணிகளால் அதை இழுத்தெடுத்து, கூடவே பிம் வருகிறதா என்று பார்ப்பது இத்துறையின் அடிப்படைச் சோதனைகளுள் ஒன்று. செல்லை உடைக்கச் சேர்க்கும் சவர்க்காரப் பொருளைத் தவறாகத் தேர்ந்தால், செல்லுக்குள் இல்லாத பிணைப்பு சோதனைக் குழாயில் தோன்றிவிடும். ட்ரைட்டான் எக்ஸ்-100 என்ற சவர்க்காரப் பொருள் பாக்ஸ் புரதத்தின் வடிவத்தையே மாற்றிவிடக்கூடியது. இத்தகைய நுணுக்கங்களில் வாரக்கணக்காகச் சிக்கியிருந்தும், மறுநாள் ஆர்வத்தோடு ஆய்வகத்துக்குப் போகிறவரா என்பதே நான் முதலில் கேட்கும் கேள்வி. மதிப்பெண் பட்டியல் இதற்கு விடை சொல்லாது. விடுமுறையில் ஓர் ஆய்வகத்தில் இரண்டு மாதம் பயிற்சி பெற்றால் ஓரளவு தெரிந்துவிடும்.

முனைவர் பட்டத்துக்குப் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு ஆண்டுகள் ஆகும் என்பதையும், அதன் பிறகும் நிரந்தரப் பேராசிரியர் பணி எல்லோருக்கும் அமைவதில்லை என்பதையும் உங்களிடம் மறைக்க மாட்டேன். ஆனால் புரதங்கள் எவ்வளவு இறுக்கமாகப் பிணைகின்றன என்று அளக்கத் தெரிந்தவரை, புற்றுநோய் அல்லாத நோய்களுக்கு மருந்து தேடும் நிறுவனங்களும் வேலைக்கு எடுத்துக்கொள்ளும். முதுநிலையோடு நிறுத்திக்கொண்டாலும், ஆன்டிபாடி மருந்துகளின் தரச் சோதனை, புதிய மருந்துகளை மனிதர்களிடம் சோதிக்கும் ஆய்வுகளின் தரவு மேலாண்மை போன்ற வழிகள் இருக்கின்றன. அதற்காகவே புள்ளியியலையும் ஒரு கணினி நிரல்மொழியையும் இப்போதே கற்கத் தொடங்கச் சொல்கிறேன். புரத வடிவங்களைக் கணினியில் கணிக்கும் முறைகள் பரவிவிட்ட நிலையில், ஆய்வகக் கைவேலை மட்டும் தெரிந்தவருக்குப் பாதி வழிதான் திறக்கும்.

முதுநிலைக்கு இடம் தேடும்போது, ஆய்வகத்தின் பெயரில் புற்றுநோய் என்ற சொல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டாம். அங்கே எந்தச் சோதனை முறைகளை மாணவர்களே செய்யக் கற்றுத்தருகிறார்கள், முன்பு படித்தவர்கள் இப்போது எங்கே பணிபுரிகிறார்கள் என்ற இரண்டையும் உங்கள் மகளே நேரடியாகக் கேட்கட்டும். பயிற்சி முடிந்ததும், அந்தப் பதில்களோடு அவரையே என்னிடம் பேசச் சொல்லுங்கள்; விண்ணப்பங்களை அதன் பிறகு முடிவு செய்யலாம்.