பின் சக்கரத்துக்கு வேறு மாடல் காரின் டிஸ்க் பிரேக்கைப் பொருத்தலாமா?

பொருத்தலாம், ஆனால் போல்ட் துளைகள் சேர்ந்துவிட்டால் மட்டும் போதாது. முக்கியமானது பிரேக் சமநிலை, அதாவது நிறுத்தும் விசையில் முன் சக்கரங்களுக்கு எவ்வளவு, பின் சக்கரங்களுக்கு எவ்வளவு என்ற பங்கீடு. பேருந்தில் பிரேக் போட்டதும் நிற்பவர்கள் முன்னால் சாய்வதுபோல, காரின் பாரமும் முன்பக்கம் போகிறது. பின் டயர்களின் பிடிப்பு குறைகிறது. அந்த நேரத்தில் பெரிய காலிப்பர் (டிஸ்க்கை இருபுறமும் பிடித்து அழுத்தும் பாகம்) பின்னால் இறுக்கினால், பின் சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டு, அதாவது உருளாமல் நின்று சறுக்கி, வண்டியே சுழலக்கூடும். அதனால் காலிப்பர் பிஸ்டனின் அளவு, மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதிக்கும்போது பிரேக் திரவத்தை அழுத்தி அனுப்பும் பாகம்), பின் பிரேக் அழுத்தத்தை மட்டுப்படுத்தும் வால்வு மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். கைபிரேக் கேபிளும் புதிய பிரேக்கோடு பொருந்த வேண்டும்; அதைப் பலர் கடைசியில்தான் நினைக்கிறார்கள்!

பின்னால் டிஸ்க் போட்டாலே கார் பாதி தூரத்தில் நின்றுவிடும் என்பது தவறு. அவசரமாக நிறுத்தும்போது தூரத்தைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் டயரின் பிடிப்பும் முன் பிரேக்கும்தான்.