மோல்டே: கல்தச்சரின் பலகை முதல் எழுத்து வார்ப்பு வரை (கேள்வி பதில்)

'மோல்டே' என்பது ஏறத்தாழ 1100 முதல் 1500 வரை எழுதப்பட்ட இடைக்கால ஆங்கிலத்தின் சொல். இன்றைக்கு நாம் மோல்டு என்று சொல்வது அதன் வாரிசுதான். அந்தக் காலத்துக் கட்டடக் கணக்குகளும் கவிதைகளும் எனக்கு மிகவும் பிடித்த வாசிப்பு. இந்தச் சொல்லைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி (ஆங்கில இலக்கிய மாணவி): மேடம், ஒரு அகராதியில் மோல்டே என்றால் மண் என்று இருக்கிறது. இன்னொன்றில் அச்சு என்கிறார்கள். எது சரி?

பதில்: இரண்டும் சரிதான் அம்மா. ஏனென்றால் அது ஒரு சொல்லே இல்லை. வெவ்வேறு வழியில் வந்து ஒரே எழுத்துக்கூட்டலில் சேர்ந்துகொண்ட தனித்தனிச் சொற்கள். மண் என்ற மோல்டே பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொல். உச்சந்தலை என்ற மோல்டேயும் அப்படியே. அச்சு என்ற மோல்டே மட்டும் பிரெஞ்சிலிருந்து வந்த வரவு. இடைக்கால எழுத்தர்களுக்கு நிலையான எழுத்துக்கூட்டல் கிடையாது. மோல்ட், மோல்டே, மௌல்டே என்று கைக்கு வந்தபடி எழுதினார்கள். அதனால் எழுத்தைப் பார்த்துப் பொருளைச் சொல்லிவிட முடியாது, சுற்றியுள்ள வரிகளைப் பார்த்தாக வேண்டும்.

கேள்வி (தமிழாசிரியர்): பிரெஞ்சில் 'மூல்' என்றுதானே சொல்கிறார்கள்? அதில் 'ட்' எங்கே?

பதில்: நல்ல கேள்வி ஐயா. இன்றைய பிரெஞ்சில் இல்லை, பழைய பிரெஞ்சில் இருந்தது. அங்கே அது 'மோட்லே'. ஆங்கிலத்துக்கு வந்ததும் 'ட்'டும் 'ல்'லும் இடம் மாறி மோல்டே ஆகிவிட்டது. நீங்கள் வகுப்பில் இலக்கணப்போலிக்குச் சொல்வீர்களே, தசை சதை ஆனது போல என்று, அதே கதைதான். மூலம் லத்தீன் 'மோடுலஸ்', அதாவது சிறிய அளவை. 'மோடுஸ்' என்றால் அளவு. மாடல், மாட்யூல் ஆகியவையும் அங்கிருந்தே கிளைத்தவை. சொல்லின் அடியில் இருப்பது 'அளவு', 'குழி' அல்ல. கீழே வரும் பல பதில்களுக்கு இது உதவும்.

கேள்வி (சிவில் இன்ஜினியர்): பேராலயக் கட்டடக் கணக்குகளில் கல்தச்சர்களுக்கு மோல்டே செய்ய மரம் வாங்கியதாக வருகிறது. கல்லை உருக்கி ஊற்ற முடியாதே? அச்சு எதற்கு?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வந்துவிட்டீர்கள். நீங்கள் மனதில் வைத்திருப்பது வார்ப்பு அச்சு. கல்தச்சரின் மோல்டே குழியே இல்லாதது. தட்டையான, மெல்லிய பலகை. அதன் ஓரம்தான் அச்சு.

1174 செப்டம்பரில் கேன்டர்பரி பேராலயத்தின் பாடகர் பகுதி தீயில் எரிந்தது. அதைத் திரும்பக் கட்ட பிரான்சிலிருந்து சான்ஸ் ஊர் வில்லியம் வந்தார். அந்த மடத்துத் துறவி ஜெர்வாஸ் வேலையை அருகிலிருந்து பார்த்து லத்தீனில் எழுதி வைத்திருக்கிறார். கப்பலில் கல் ஏற்றி இறக்க வில்லியம் பொறிகள் செய்தார், பிறகு கூடியிருந்த கல்தச்சர்களிடம் கல்லுக்கு வடிவம் கொடுப்பதற்கான 'ஃபார்மா'க்களைக் கொடுத்தார் என்கிறார். ஆங்கிலக் கணக்குகள் மோல்டே என்று சொல்வது இந்தப் பொருளைத்தான். 1178-ல் வில்லியம் சாரத்திலிருந்து ஏறத்தாழ 50 அடி கீழே விழுந்து அடிபட்டார், கடைசியில் ஊர் திரும்பினார். இன்னொரு வில்லியம், ஆங்கிலேயர், வேலையைத் தொடர்ந்தார்.

பலகை எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம். தலைமைக் கல்தச்சர் சுண்ணப்பூச்சுத் தரையில் பெரிய கவராயமும் கூரிய இரும்பும் வைத்து வளைவை முழு அளவில் கீறுவார். காகிதத்தில் சின்னதாக வரைந்து பெருக்கும் வேலையே கிடையாது. அந்தக் கீறலின் மேல் பலகையை வைத்து, தச்சர் அதே கோட்டில் அறுப்பார். பால்டிக் கடல் பக்கத்திலிருந்து வந்த பலகைகளை இதற்கென்றே வாங்கியிருக்கிறார்கள். அறுத்த பலகை கல்தச்சரிடம் போகும். அவர் கல்லின் ஒரு முகத்தைச் சமமாகச் செதுக்கி, பலகையை அதில் படுக்கவைத்து, ஓரத்தை ஒட்டி இரும்பால் கோடு இழுப்பார். மறுமுனையிலும் அப்படியே. பிறகு ஒரு கோட்டிலிருந்து மறு கோடு வரை வேண்டாத கல்லை எடுத்துக்கொண்டே போவார். ஐம்பது பேர் ஐம்பது இடத்தில் உட்கார்ந்து செதுக்கினாலும் கற்கள் வளைவில் ஒன்றோடொன்று பொருந்தும்.

யார்க் பேராலயத்திலும் வெல்ஸ் பேராலயத்திலும் அந்தக் கீறல் தரைகள் இன்னும் இருக்கின்றன. யார்க்கில் குருமார் கூடும் மண்டபமான சாப்டர் ஹவுஸுக்குப் போகும் வழிக்கு மேல்மாடியில், வெல்ஸில் வடக்கு வாசல் முகப்புக்கு மேலே. ஒரு வரைபடத்தின் மேல் இன்னொன்று என்று கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். வேலை முடிந்ததும் அதே தரையை அடுத்த வேலைக்குப் பயன்படுத்தினார்கள். இடைக்கால இங்கிலாந்தின் கட்டட வரைபடங்கள் கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கின்றன என்று வருத்தப்படுவோர் உண்டு. எனக்கு என்னவோ, உண்மையான வரைபடம் அந்தப் பலகைதான். பலகை யாரிடமோ, வடிவம் அவரிடம்.

கேள்வி (அதே இன்ஜினியர்): பலகையை வேறு ஊருக்கு எடுத்துப் போவார்களா?

பதில்: போவார்கள். கல்குவாரிக்கே அனுப்பி, அங்கேயே செதுக்கிக் கொண்டுவந்தால் வண்டியிலும் கப்பலிலும் வெறும் எடை மிச்சம். அந்தக் காலத்தில் கல்லின் விலையைவிட வண்டிக் கூலி அதிகம் ஆகிவிடும். இன்னொன்று: இரண்டு ஊர்க் கோயில்களில் தூணின் விளிம்பு வெட்டு அச்சாக ஒத்துப்போனால், ஒரே தலைமைக் கல்தச்சர் இரண்டிலும் வேலை செய்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் பின்தொடர்கிறார்கள். அந்த விளிம்பு வெட்டுக்கு ஆங்கிலத்தில் மோல்டிங் என்றுதான் பெயர்.

கேள்வி (ஃபவுண்டரியில் வேலை செய்பவர்): அப்படியானால் உலோகம் ஊற்றும் மோல்டு அப்போது இல்லையா மேடம்?

பதில்: தாராளமாக இருந்தது. கேன்டர்பரி பேராயர் தாமஸ் பெக்கெட் 1170-ல் கொல்லப்பட்டு 1173-ல் புனிதராக அறிவிக்கப்பட்ட பின் கேன்டர்பரிக்குக் கூட்டம் அலைமோதியது. வந்தவர்கள் நினைவாக வாங்கிப்போன வில்லைகள் ஈயமும் வெள்ளீயமும் கலந்து ஊற்றியவை. அச்சு கல்லில் செதுக்கியது. உருவத்தைக் குழிவாக வெட்டி, உலோகம் போக வாய்க்காலும் காற்று வெளியேற நுண்ணிய கீறல்களும் போட்டு, இரண்டு கல்லையும் சேர்த்துப் பிடித்து ஊற்றுவார்கள். சீக்கிரம் உருகும் கலவை என்பதால் கல் தாங்கும். ஒரே அச்சில் திரும்பத் திரும்ப ஊற்றலாம்.

கோயில் மணிக்கு வேறு வழி. களிமண்ணில் சாணம், முடி கலந்து உள்கருவும் வெளி உறையும் கட்டி, நடுவில் வெண்கலத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் உறையை உடைத்துத்தான் மணியை எடுக்க முடியும். பெரிய மணியைச் சுமந்து வருவது சிரமம் என்று கோயில் வளாகத்திலேயே குழி வெட்டி வார்த்ததும் உண்டு. அப்படிப்பட்ட குழிகளை அகழாய்வில் கண்டெடுத்திருக்கிறார்கள்.

கேள்வி: நாணயங்களும் அப்படி ஊற்றியவைதானா?

பதில்: இல்லை. இங்கிலாந்தின் வெள்ளிப் பென்னி இரண்டு முத்திரைகளுக்கு நடுவில் வைத்துச் சுத்தியலால் அடித்தது. அச்சில் ஊற்றிய பென்னி என்றால் கள்ளநாணயம் என்றே முதலில் சந்தேகப்பட வேண்டும்.

கேள்வி (மொழிபெயர்ப்பாளர்): ஒருவரின் குணத்தைச் சொல்லவும் இந்தச் சொல் வருகிறது. பொருளுக்குப் பிறகு வந்த உருவகம்தானே?

பதில்: அப்படித்தான் தோன்றும், ஆனால் எழுத்தில் கிடைக்கும் சான்றுகள் வேறு மாதிரி. ஏறத்தாழ 1200-லேயே இயல்பு, பாங்கு, ஆளின் அமைப்பு என்ற பொருளில் இந்தச் சொல் வந்துவிடுகிறது. கருவி என்ற பொருள் அதற்கு அப்புறம்தான் கண்ணில் படுகிறது. பழைய பிரெஞ்சிலேயே 'முறை', 'மாதிரி' என்ற பொருள்கள் இருந்தன. பட்டறையில் வாயால் பேசியதை யாரும் எழுதி வைக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மொழிபெயர்க்கும்போது 'அவன் வார்ப்பு அப்படி' என்று எழுதினால் கச்சிதமாக இருக்கும்.

கேள்வி (அச்சகம் வைத்திருப்பவர்): புத்தக அச்சுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில்: நேரடித் தொடர்பு. இங்கிலாந்தின் முதல் அச்சாளர் வில்லியம் காக்ஸ்டன் 1476-ல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் தொடங்கினார். அங்கே ஓடிய ஈய எழுத்துகள் எல்லாமே அச்சில் ஊற்றியவை. எழுத்து வார்க்கும் கை அச்சில் ஒரு நேர்த்தி உண்டு. எல்லா எழுத்துக்கும் உயரம் ஒன்றாக இருக்க வேண்டும், அகலம் மட்டும் எழுத்துக்கு எழுத்து மாற வேண்டும். அதனால் அச்சின் இரண்டு பாதிகளையும் நகர்த்தி, ஒல்லியான எழுத்துக்கு நெருக்கியும் பருத்த எழுத்துக்கு விலக்கியும் வைப்பார்கள். பழைய 'மோடுலஸ்' இங்கே அப்படியே அளவாக நிற்கிறது.

ஸ்பானிஷ், போர்ச்சுகீஸ் இரண்டிலும் அச்செழுத்துக்கு 'லெத்ரா தே மோல்டே' என்றே பெயர், அதுவும் அதே லத்தீன் வேர்தான். கோவாவில் வார்த்த தமிழ் எழுத்துகளையும் சேர்த்துக்கொண்டு 1578-ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' போர்ச்சுகீஸ் பாதிரியார் ஹென்ரீக் ஹென்ரீக்ஸின் முயற்சி. அந்தப் பட்டறையின் வார்ப்பும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

கேள்வி (ஒரு அம்மா): உச்சந்தலை என்றீர்களே, குழந்தையின் உச்சிக்குழியா?

பதில்: ஆமாம் அம்மா, உச்சந்தலைக்கும் அந்த மெத்தென்ற இடத்துக்கும் சேர்த்து மோல்டே என்றார்கள். அச்சோடு எந்த உறவும் இல்லை. தலையைக் குறிக்கும் சமஸ்கிருத 'மூர்தன்' இதன் தூரத்து உறவு.

கேள்வி (முதலில் கேட்ட மாணவி): கவிதையில் வரும்போது எப்படிப் பிரித்தறிவது?

பதில்: முன்னால் 'ஆன்' என்ற இடச்சொல் இருக்கிறதா பாருங்கள். 'ஆன் மோல்டே' என்றால் 'இந்தப் பூமியில்'. மோனைத் தொடையில் எழுதிய கவிகளுக்கு அது வரியை நிரப்பக் கைவசம் இருந்த தொடர்; 'மண்ணுலகில் இவளைப் போல் அழகி இல்லை' என்கிற மாதிரி இடங்களில் அடிக்கடி வரும். மண்ணைத் தள்ளி வளையில் வாழும் 'மோல்' என்ற பிராணிக்கு 'மோல்டுவார்ப்' என்று பெயர் வைத்ததும் இந்த மோல்டேயால்தான். கல், பலகை, ஈயம், கூலி என்று பக்கத்தில் வந்தால் அச்சு. ரொட்டி கெட்டுப்போனதாக வந்தால் அது பூஞ்சைக் காளான் என்ற வேறொரு சொல், 'மௌலன்' என்ற வினையிலிருந்து பிறந்தது.