ஊதா வெளிச்சத்தில் மல்லாட்டை விதை

விதை பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, விதைப் பரிசோதனைக் கூடத்தில் 26 வருடம் முளை எண்ணிய அம்மாவின் பதில்கள்

கேள்வி: வணக்கம் அம்மா. எங்களுக்கு மூன்று ஏக்கர் மானாவாரி நிலம். ஆடியில் மல்லாட்டைதான், அதாவது நிலக்கடலைதான் போடுவோம். போன வருடம் முளைத்து வந்த செடி 15, 20 நாளில் கழுத்துப் பகுதி கறுத்து வாடியது. பிடித்து இழுத்தால் கையோடு வந்தது. இப்போது ஒருவர் ஊருக்கு வந்து, குளிர் பிளாஸ்மா என்கிற மின்சார முறையில் விதை நேர்த்தி செய்து தருகிறேன், மருந்தே வேண்டாம், பழைய விதையும் முளைக்கும் என்கிறார். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. என் மச்சான் கொடுத்துப் பார்க்கலாம் என்கிறார். கொடுக்கலாமா? — பெயர் வேண்டாம் என்று எழுதியவர், ஒடுகத்தூர்

பதில்: தம்பி, அவர் சொல்வதில் ஒன்று மெய், ஒன்று பாதி மெய், ஒன்று பொய். பழைய விதையும் முளைக்கும் என்பதுதான் அந்தப் பொய். அதில் இருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அது என் அப்பாவின் நிலத்தில் நடந்தது.

பள்ளிகொண்டா பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் இருந்தது. ஒரு வருடம் வீட்டு விதை போதாமல், ஒரு வியாபாரியிடம் மெஷினில் உடைத்த பருப்பை வாங்கி விதைத்துவிட்டார் அப்பா. ரோஜா நிறத் தோல், பளபளப்பு, ஒரே அளவு. பார்த்த யாருமே குறை சொல்லவில்லை. பத்து நாள் கழித்துப் பார்த்தால் சாலில் பாதிக்குப் பாதி வெறும் மண். மூட்டையில் மிச்சம் இருந்ததில் நூறு எடுத்துக் கூடத்தில் முளைக்கப் போட்டேன். ஒழுங்கான நாற்று 46. சான்று விதைக்குக் குறைந்தது 70 இருக்க வேண்டும். முளைக்காததைத் தோல் உரித்துப் பார்த்தேன். பருப்பின் நுனியில் மூக்கு மாதிரி சின்னதாக ஒன்று இருக்குமே, அதுதான் முளைக்கரு. பலவற்றில் அது உடைந்து தனியாக வந்துவிட்டது. மெஷினில் பட்ட அடி. தோலில் ஒரு கீறல்கூடத் தெரியவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிளாஸ்மா வேலை செய்வது அந்தத் தோலில்தான். அடிபட்டோ பழசாகியோ உள்ளே கரு செத்திருந்தால் எந்த மின்சாரமும் அதற்கு உயிர் கொடுக்காது.

சரி, பிளாஸ்மா என்றால் என்ன? வாயுவுக்குள் போதுமான மின்சாரத்தைச் செலுத்தினால் அதன் அணுக்களில் இருந்து எலக்ட்ரான்கள் பிரிந்து ஓடும். அந்த நிலைக்குப் பெயர் பிளாஸ்மா. 1928-இல் இர்விங் லாங்மியூர் என்ற விஞ்ஞானி வைத்த பெயர். மின்னல் பிளாஸ்மாதான், ஆனால் பயங்கரச் சூடு. எரிகிற டியூப் லைட்டுக்குள் இருப்பதும் பிளாஸ்மாதான், ஆனால் மேலே கை வைத்தால் வெதுவெதுப்பு மட்டுமே. உள்ளே எலக்ட்ரான்களுக்குத்தான் வேகம், வாயு சூடாவதில்லை. குளிர் பிளாஸ்மா இந்த வகை. விதை வேகாது.

விதைக்கான கருவிகளில் ஒரு வகையில் இரண்டு உலோகத் தகடு, நடுவில் கண்ணாடி மாதிரி மின்சாரத்தைத் தடுக்கும் ஒரு பொருள், சிறு இடைவெளி. உயர் மின்னழுத்தம் கொடுத்தால் அந்த இடைவெளிக் காற்று ஊதா நிறத்தில் ஒளிரும். காற்றில் உள்ள ஆக்சிஜனும் நைட்ரஜனும் உடைந்து ஓசோன், நைட்ரிக் ஆக்சைடு போன்றவை உண்டாகும். இவை சும்மா இருக்காது, எதைத் தொட்டாலும் அதோடு வினை புரியும். விதைத் தோலின் மெழுகுப் பூச்சைத் தொட்டால் அதைச் சற்று அரிக்கும். சேப்பங்கிழங்கு இலையில் தண்ணீர் உருண்டு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். மெழுகுள்ள விதைத் தோலிலும் துளி அப்படித்தான் நிற்கும். பிளாஸ்மா பட்ட பிறகு அதே துளி பரவி ஒட்டிக்கொள்ளும். விதை சீக்கிரம் தண்ணீர் குடிக்கும், முளைப்பு முந்தும். பல பயிர்களில் ஆராய்ச்சிக் கூடங்களில் பார்த்திருக்கிறார்கள். அந்த ஆள் சொல்வதில் மெய் இது.

பாதி மெய், மருந்தே வேண்டாம் என்பது. தோலின் மேல் ஒட்டியிருக்கும் பூஞ்சை வித்துகளைப் பிளாஸ்மா பெருமளவு அழிக்கும். ஆனால் நீங்கள் எழுதியிருப்பது, எனக்குத் தெரிந்தவரை, கழுத்தழுகல். அடுத்த முறை செடியைப் பிடுங்கும்போது கழுத்தில் கரித்தூள் மாதிரி கறுப்புப் பொடி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற பூஞ்சைதான். அது விதையிலும் வரும், மண்ணிலும் கிடக்கும். குளிப்பாட்டிய பிள்ளையைச் சேற்றில் இறக்கிவிட்டால் என்ன ஆகும்? பிளாஸ்மா விதையோடு மண்ணுக்குள் போய்க் காவல் நிற்காது. நோய்ப் பூஞ்சையை அடக்கும் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நல்ல பூஞ்சை நிற்கும். கிலோ விதைக்கு 4 கிராம். அது உயிருள்ளது, அதனால் ரசாயனப் பூஞ்சைக்கொல்லியோடு கலக்காதீர்கள். பிளாஸ்மா கொடுப்பதானால் அதை முதலில் முடித்து, அதற்குப் பிறகே டிரைக்கோடெர்மாவும், வேரில் தழைச்சத்து சேர்க்கும் ரைசோபியம் நுண்ணுயிரும் தடவுங்கள். மாற்றிச் செய்தால் காசு கொடுத்து வாங்கிய நல்ல நுண்ணுயிரைத்தான் முதலில் கொல்வீர்கள்.

அந்த ஆளிடம் ஒன்று கேளுங்கள்: மல்லாட்டைக்கு எத்தனை விநாடி? இந்த முறையில் சில விநாடிக்கும் சில நிமிடத்துக்கும் நடுவில்தான் எல்லாமே இருக்கிறது. குறைந்தால் பலன் இல்லை. கூடினால் விதை அடிபட்டு முளைப்பு இறங்கும். நெல்லுக்கு உமி இருக்கிறது, மல்லாட்டைக்கு இருப்பது காகிதம் போன்ற தோல். நெல்லுக்கு வைத்த நேரத்தை இதற்கு வைக்க முடியாது. ‘எல்லா விதைக்கும் ஒரே நேரம்’ என்று பதில் வந்தால் மூட்டையைத் திரும்ப வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள்.

நல்ல பதில் வந்தாலும் முழு விதையையும் கொடுக்காதீர்கள். ஒரே மூட்டையில் இருந்து 200 விதை எடுங்கள், பொறுக்காமல், கைக்கு வந்தபடி. நூறுக்குப் பிளாஸ்மா, நூறு அப்படியே. இரண்டு தட்டில் ஈர மணலில் போட்டு ஐந்தாம் நாள் ஒரு முறை, பத்தாம் நாள் ஒரு முறை எண்ணுங்கள். கூடத்தில் நாங்கள் 400 விதை வைத்து எண்ணுவோம், நாள் கணக்கு இதேதான். வெறும் முளையை எண்ணக் கூடாது. நேரான வேர், முறியாத தண்டு, குருத்து, இந்த மூன்றும் இருந்தால்தான் அது ஒன்று. ஐந்தாம் நாள் பிளாஸ்மா தட்டு முந்தி, பத்தாம் நாள் இரண்டும் சமமாக நின்றால், வேகம் கூடியது, எண்ணிக்கை கூடவில்லை என்று அர்த்தம். மானாவாரியில் அந்த வேகத்துக்கும் மதிப்பு உண்டு. ஒரு மழை ஈரம் காய்வதற்குள் வேர் இறங்கிவிடும். கூலிக்குத் தகுமா என்று நீங்களும் மச்சானும் உட்கார்ந்து கணக்குப் போடலாம். சாதா தட்டே 70-ஐத் தொடவில்லை என்றால் விதையை மாற்றுங்கள். 30-க்கு 10 சென்டிமீட்டர் இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 1 லட்சத்து 35 ஆயிரம் செடி. நூற்றுக்குப் பத்து முளைக்காவிட்டால் பதின்மூன்றரை ஆயிரம் பொக்கை.

அப்புறம், காயாகவே வைத்திருந்து, விதைப்புக்குச் சில நாள் முன் கையால் உடையுங்கள். வேலைதான், தெரியும். என் அம்மா, சித்தி, அத்தை எல்லோரும் திண்ணையில் உட்கார்ந்து இரவெல்லாம் உடைத்த வருடங்களில் எங்கள் சாலில் பொக்கை விழுந்ததே இல்லை.

கேள்வி: பிளாஸ்மா கொடுப்பது கதிர்வீச்சா? அந்தப் பயிரைச் சாப்பிடலாமா? — வாசகி, ஆம்பூர்

பதில்: சாப்பிடலாம், அம்மா. விதையின் மரபை மாற்றுவது இதன் நோக்கம் இல்லை. வேலை பெரும்பாலும் தோலோடு முடிகிறது. கதிர்வீச்சால் மரபை மாற்றி ரகம் உருவாக்குவது வேறு முறை. மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் டி.ஏ.ஜி. 24 போன்ற நிலக்கடலை ரகங்கள் அந்த வழியில் வந்தவை. அந்தக் கடலையிலும் கதிர்வீச்சு எதுவும் தங்கியிருக்காது. கவனமாக இருக்க வேண்டியது கருவியை இயக்குகிறவர். ஓசோனை மூச்சில் இழுத்தால் நெஞ்சு எரியும், இருமும். மூடிய அறையில் இயக்கக் கூடாது.

கேள்வி: முள்ளுக் கத்தரி நாற்றங்காலில் நாற்று சாய்ந்து அழுகுகிறது. இதற்கும் பிளாஸ்மா உதவுமா? — விவசாயி, இலவம்பாடி

பதில்: அதற்குக் காத்திருக்க வேண்டாம், ஐயா. நாற்றழுகலுக்கு முதல் காரணம் தேங்கும் தண்ணீர். மேட்டுப்பாத்தி போட்டு, விதையை நெருக்காமல் தூவுங்கள். விதையில் வரும் நோய்க்கு வெந்நீர் நேர்த்தி உண்டு: 50 டிகிரி வெந்நீரில் 25 நிமிடம், உடனே குளிர்ந்த நீரில் முக்கி, நிழலில் உலர்த்துங்கள். கை வைத்துச் சூடு பார்க்காதீர்கள், தெர்மாமீட்டர் வேண்டும். கொஞ்சம் சூடு கூடினாலும் விதை போய்விடும். புது விதைக்கு மட்டும் செய்யுங்கள், முதலில் ஐம்பது விதையில். உலர்ந்த பிறகு டிரைக்கோடெர்மா, அதே கிலோவுக்கு 4 கிராம் கணக்கில்.