மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் அப்பா இறந்துவிட்டார், உயில் இல்லை. ஹைகோர்ட் போகவேண்டுமா? அங்கே பதிவாளர் என்னதான் பார்ப்பார்?

தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) ஒரு வீடும் கொஞ்சம் பேங்க் பணமும்தான் என்றால் ஈப்போ ஹைகோர்ட்டுக்கு அலைய வேண்டாம். உயில் இல்லாமல், நிலமோ வீடோ இருந்து, மொத்த மதிப்பு 50 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டாவிட்டால் அது ‘பூசாகா கெச்சில்’, அதாவது சிறு வாரிசுச் சொத்து. (2024 ஜூலை 15க்கு முன் இந்த வரம்பு 20 லட்சம்தான்.) நிலம் இருக்கும் மாவட்டத்துக்கான பூசாகா பிரிவில் (வாரிசுச் சொத்தைப் பிரிக்கும் அரசு அலுவலகத்தில்) போராங் ஏ என்ற விண்ணப்பப் படிவம் கொடுக்கவேண்டும். நிலம் வீடே இல்லை, 6 லட்சத்துக்குள் பணம் மட்டும் என்றால் அமானா ராயா என்ற அரசு அறங்காவல் நிறுவனம் போதும். உயில் இருந்தாலோ வரம்பு மீறினாலோதான் கோர்ட்.

கோர்ட்டில் மூத்த உதவிப் பதிவாளர் சொத்தைப் பிரித்துக் கொடுப்பவர் அல்லர். தனக்கு எழும் சந்தேகம் தீரும்வரை சூராட் குவாசாவை (இறந்தவர் சொத்தை நிர்வகிக்கும் அதிகாரப் பத்திரத்தை) வெளியே விடாமல் வைப்பதுதான் அவர் வேலை. எஸ்டேட் குடும்பங்களின் ஃபைல் பெரும்பாலும் பெயரில்தான் நிற்கும். கருப்பன் என்பதை கிராண்டில் (நிலப் பட்டாவில்) ஒரு ‘பி’ போட்டும், ஐசியில் (அடையாள அட்டையில்) இரண்டு ‘பி’ போட்டும் எழுதியிருப்பார்கள். கிராண்டில் பழைய ஐசி எண், மரணச் சான்றிதழில் 12 இலக்கப் புதிய எண். இருவரும் ஒரே ஆள் என்று சத்தியப் பிரமாணமும் பதிவிலாகாவின் உறுதிக் கடிதமும் முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

அடுத்தது கல்யாணம். 1982 மார்ச் 1க்குப் பிறகு கோயிலில் தாலி கட்டி, பதியாமல் விட்டிருந்தால், எத்தனை வருடம் சேர்ந்து வாழ்ந்திருந்தாலும் சட்டம் அம்மாவை மனைவியாக ஏற்காமல் போகலாம். பிள்ளைகளின் பங்கும் ஆட்டம் காணும். இந்த இடத்தில் வக்கீல் இல்லாமல் நகராதீர்கள். பதிவு இருந்தால் கணக்கு சுலபம்: அப்பாவைப் பெற்ற தாத்தா பாட்டி உயிரோடு இல்லையென்றால் அம்மாவுக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு. தாத்தாவோ பாட்டியோ இருந்தால் அம்மாவுக்குக் கால், அவர்களுக்குக் கால், பிள்ளைகளுக்குப் பாதி. தாத்தா பாட்டியை மனுவில் மறைப்பவர்கள் உண்டு. பின்னால் கிளறினால் எல்லாம் கலையும்.

சொத்துப் பட்டியலில் பழைய கப்சாய் மோட்டார்வரை எழுதுங்கள். விட்டுப்போன கணக்கை பேங்க் தொடவிடாது, பட்டியலைத் திருத்த மறுபடி கோர்ட்டுக்கு நடக்கவேண்டும். 18 வயதாகாத வாரிசு இருந்தால் தனிநபர் நிர்வாகி ஒருவர் போதாது, இரண்டு பேர் வேண்டும்.

ஆர்டர் கிடைத்ததும் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். சொத்து மதிப்பு 50,000 ரிங்கிட்டுக்கு மேல் என்றால் இரண்டு ஜாமீன்தாரரோடு பாண்ட் (பொறுப்புறுதிப் பத்திரம்) கொடுத்தாகவேண்டும், அல்லது ஜாமீனைத் தளர்த்தச் சொல்லி மனுப் போடவேண்டும். அதன் பிறகே முத்திரை குத்திய சூராட் குவாசா கைக்கு வரும். அதை வைத்தும் வீட்டை உடனே விற்கமுடியாது. நிலத்தை மாற்றவோ விற்கவோ கோர்ட்டின் தனி அனுமதி வாங்கவேண்டும். அது தெரியாமல் முன்கூட்டியே வாங்குபவரிடம் அட்வான்ஸ் வாங்கிவிட்டு, தேதி தள்ளிப்போய் மாட்டிக்கொள்கிறார்கள்.